போர்வையில் ஒரு பாழூர்

கேரளத்தின் கிழக்கெல்லையில், இடுக்கி மாவட்டத்து மூணாற்று மலைகளிலும் பாலக்காட்டை அடுத்த நெல்லியாம்பதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்க்குப் போர்வை என்பது ஆடம்பரப் பொருள் அன்று. மூணாற்றை அடுத்த மேட்டுப் பகுதிகளில் தை மாதத்து இரவுகளின் குளிர் சில ஆண்டுகளில் உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடும்; விடியற்காலையில் புல்நுனிகளில் வெண்பனி உறைந்து கிடக்கும். அங்கே தேயிலை பயிராகத் தொடங்கிய நாள்முதல் அம்மக்கள் நெடுங்காலம் அறிந்திருந்த போர்வை கம்பளி ஒன்றே. கறுப்பும் பழுப்புமான முரட்டு ஆட்டுமயிர்க் கம்பளி. கழுத்தில் குத்தும், நனைந்தால் ஆட்டு வாடை வீசும், ஆயினும் தூறல் மழையை எளிதில் உள்ளே விடாது. ஆட்டுமயிரில் இயல்பாக ஊறியிருக்கும் கொழுப்பு நீரை வழிந்தோடச் செய்வதே இதற்குக் காரணம். மயிரிழைகள் சுருள் சுருளாக இருப்பதால் அவற்றினிடையே காற்றுத் தங்கி உடற்சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்ற பின்பும் கம்பளி கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. பகலில் கொங்காணியாகத் தலையில் கவிழ்ந்து, இரவில் பாயில் விரிந்து, பிள்ளை பிறந்தால் தொட்டிலுக்குள்ளும் போய்ச் சேர்ந்த பொருள் அது.

இலங்கையிலும் நம் மலைகளிலும் இருந்த ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் இதற்கு வேறு சொல் தேடவில்லை. தங்கள் கணக்கேடுகளில் ‘கம்ப்ளி’ என்றே எழுதிக்கொண்டனர். புதிதாக வந்த தொழிலாளிக்குக் கம்பளி தருவதும், பின்னர் அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வதும் இலங்கைத் தோட்டங்களில் இருந்த வழக்கம். நாடு விடுதலை பெற்ற பின் 1951-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், மழையினின்றும் குளிரினின்றும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றை முதலாளிமார் வழங்குமாறு மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று ஒரு பிரிவு இடம்பெற்றது. சட்டப் பிரிவுகளைப் பெயர்த்தெழுதியே காலம் கழிக்கும் எனக்கு, குளிரென்றால் என்னவென்று உணர்ந்தவர் எவரோ எழுதிய வரியாக அது தோன்றுவதுண்டு.

நிற்க. இன்று அதே மலைக் குடியிருப்புகளிலும், கீழே பாலக்காட்டுக் கடைத்தெருவிலும் கம்பளியின் இடத்தை வேறொரு போர்வை பிடித்துக்கொண்டுவிட்டது. பூனைக்குட்டியின் முதுகைப்போல் மென்மையானது. கையில் எடுத்தால் எடையே தெரியாதது. ஒரு முகத்தில் ஏதேனும் படம் அச்சிட்டது. ரோஜாப்பூவும் புலியும் மயிலும் அச்சிட்ட காலம் போய், இப்போது எந்தப் புகைப்படத்தை அனுப்பினாலும் போர்வையில் ஏற்றித் தருகிறார்கள். மணமக்கள் படம், பிறந்தநாள் குழந்தையின் படம், மறைந்த பெற்றோரின் படம் என்று வீடுகளில் அவை பெருகிவருகின்றன. இவற்றினிடையே இடிந்த ஊர்களின் படங்களும் உண்டு. கூரையிழந்த வீடுகளும், மணல் புகுந்த மண்டபங்களும், வானத்தை நோக்கி வாய்திறந்த வளைவுகளும் உலகெங்கும் போர்வைகளில் அச்சாகி விலைக்கு வருகின்றன. உறங்குவோர்மீது ஓர் அழிந்த ஊரைப் போர்த்துவது புதுமையான செய்கைதான். அது எவ்வாறு செய்யப்படுகிறது, அதில் என்ன அடங்கியிருக்கிறது என்பதைச் சற்றுக் காண்போம்.

இப்போர்வையில் ஆட்டுமயிர் ஓர் இழையும் இல்லை. பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பாலியெஸ்டர் நூலே இதன் உடல். நூலைப் பின்னித் துணியாக்கி, நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகளால் அதன் முகத்தை வருடுவார்கள். பற்களில் சிக்கிய இழைகள் அறுந்து மயிர்போல எழுந்து நிற்கும். எழுந்ததைச் சமமாகக் கத்தரித்தால் ‘ஃபிளீஸ்’ எனப்படும் மென்துணி கிடைத்துவிடும். அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்திலிருந்த மால்டன் மில்ஸ் என்னும் ஆலை 1979-ஆம் ஆண்டில் உருவாக்கிய துணி இவ்வகைக்கெல்லாம் முன்னோடி. பாலியெஸ்டர் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உள்வாங்காது. ஆகவே விரைவில் உலரும். ஆனால் நெருப்புப் பட்டால் கம்பளியைப்போல் கருகி அணையாமல் உருகி ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு உள்ள வீடுகளில் இதை மறந்துவிடலாகாது.

படம் ஏறும் முறையைப் புரிந்துகொள்ள நம் பூஜையறைக் கற்பூரம் போதும். திறந்து வைத்த கற்பூரம் நீராக உருகாமல் நேரே ஆவியாகிக் கரைந்துபோவதைச் சிறு வயதிலிருந்தே பார்க்கிறோம். பள்ளிப் புத்தகங்கள் இதைப் பதங்கமாதல் என்று கூறும். அதே இயல்புடைய சாயங்களைக் கொண்டு, புகைப்படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி முதலில் ஒரு தாளில் அச்சிடுகிறார்கள். அத்தாளை வெள்ளைப் போர்வையின் முகத்தில் வைத்து, ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிட அளவு அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிறது, சூட்டில் இளகிய பாலியெஸ்டர் இழைக்குள் புகுகிறது, துணி ஆறியதும் உள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது. துணியின்மேல் பூசிய வண்ணமாக இல்லாமல் இழையின் உள்ளே குடியேறிய வண்ணமாக இருப்பதால், கையால் தடவினால் படத்தின் விளிம்பு தட்டுப்படாது. எத்தனை முறை வெளுத்தாலும் எளிதில் போகாது. கம்பளியிலோ பருத்தியிலோ இச்சாயம் இவ்வாறு பிடிக்காது. அழுக்குப்போகத் தண்ணீரில் அலசினால் போதும் என்பதையும், மிகுந்த சூட்டில் இஸ்திரி போட்டால் அடங்கிய சாயம் மறுபடி ஆவியாகிப் படம் கலைந்துபோகும் என்பதையும் வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள போர்வைக்கு, அங்குலத்துக்கு 100 புள்ளிகள் என்று கொண்டால், படத்தில் நான்கு கோடியே எண்பது லட்சம் புள்ளிகள் இருக்கவேண்டும். நடைமுறையில் அவ்வளவு தேவைப்படுவதில்லை. மயிரெழுந்த துணி கூர்மையான கோடுகளைத் தானே மழுங்கடித்துவிடுவதால், குறைந்த புள்ளியுள்ள படமும் அதில் நன்றாகவே தோன்றும். மனித முகத்துக்கு அந்த மழுக்கம் கேடு. பழைய சுவருக்கோ அது அழகு சேர்க்கும். இடிபாட்டுப் படங்கள் போர்வைக்குப் பொருந்தி வருவதற்கு இது ஒரு காரணம்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். இம்முறை அச்சில் வெள்ளை என்று ஒரு சாயம் கிடையாது. நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கினாலேயே எல்லா நிறங்களும் ஆகின்றன. படத்தில் வெண்மையாகத் தெரியும் இடம் சாயமே படாத வெறுந்துணி. இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

பாலக்காட்டில் உறவினர் இல்லமொன்றில் இத்தகைய போர்வை ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. யாரோ மணப்பரிசாகத் தந்தது. சாம்பல்நிறச் சுவர் ஒன்று, அதில் ஒரு வளைவு, வளைவுக்குள் கடல், சுற்றிலும் வெண்மணல். “இது எந்த ஊர், மாமா?” என்று அவ்வீட்டுச் சிறுமி கேட்டாள். விளிம்பில் தைத்திருந்த பட்டையைப் புரட்டினேன். வெளுக்கும் முறை பல மொழிகளில் இருந்தது. ஊர்ப்பெயர் எம்மொழியிலும் இல்லை. ஆனால் சுவரைப் பார்த்தவுடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது தனுஷ்கோடி மாதாகோயிலின் சுவர். படத்தில் இருந்த வெண்மணல், மேலே சொன்னபடி, சாயம் படாத துணி. ஊரை மூடிய மணல் இருந்த இடமெல்லாம் போர்வையில் அச்சு இல்லாத இடம்.

அச்சுவர்களின் கல்லை அருகில் சென்று பார்த்தவர்கள் அறிவர். அவை மலைக்கல் அல்ல, பவளப்பாறை. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற கடலில் கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தமக்கென்று கட்டிய வீட்டை வெட்டியெடுத்து, சுண்ணச் சாந்து வைத்து மனிதர் தமக்கு வீடும் கோயிலும் கட்டினர். 2001-ஆம் ஆண்டு முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அவற்றை வெட்டுவது குற்றமாகிவிட்டது. துளைகள் நிறைந்த அக்கல் உப்புக்காற்றில் அரித்து அரித்துத் தேன்கூடுபோல் ஆகியிருக்கிறது. படம் எடுப்போர் அதனைத் தேடிச் செல்வதில் வியப்பில்லை.

பாம்பன் தீவின் தென்கிழக்கு நுனியிலுள்ள தனுஷ்கோடி, 1914-ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின் பெரிய துறையாயிற்று. சென்னை எழும்பூரிலிருந்து ‘போட் மெயில்’ வண்டி இங்கு வந்து நிற்கும். பயணிகள் கப்பலேறி, முப்பது கிலோமீட்டரைச் சற்று மிஞ்சிய கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு மறுபடி ரயிலேறுவர். ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் தந்தி அலுவலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், மாதாகோயில், கடைகள் என்று ஒரு முழு ஊர் அங்கே இருந்தது. 1932-இல் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே மீட்டர் பாதை திறந்ததிலிருந்து, பாலக்காட்டிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாக இக்கடல் நுனிவரை தண்டவாளம் இடைமுறியாமல் ஓடியது.

மலைத் தோட்டங்களுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு தண்டவாளத்தோடு முடியவில்லை. தமிழகத்தின் வறண்ட சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு இரு வழிகள் இருந்தன. ஒரு சாரார் போடிநாயக்கனூருக்கு வந்து, கொட்டகுடி வழியாகச் செங்குத்தான மலைப்பாதையில் கால்நடையாக ஏறி, டாப் ஸ்டேஷனைக் கடந்து மூணாற்றுத் தோட்டங்களை அடைந்தனர். மற்றொரு சாரார் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு, பின்னர் தனுஷ்கோடியில் கப்பலேறிக் கண்டிச் சீமையை அடைந்தனர். ஒரே ஊரில் பிறந்த அண்ணன் மூணாற்றுக்கும் தம்பி இலங்கைக்கும் போன குடும்பங்கள் உண்டு. மலை வேறு, தோளில் விழுந்த கம்பளி ஒன்றே.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அதன்படி மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா குடிமக்களாக ஏற்றுத் திரும்பப் பெறவேண்டும். அவர்கள் வந்திறங்குவதற்கு இயல்பான வாயில் தனுஷ்கோடி. ஒப்பமிட்டு இரண்டு மாதம் நிறைவதற்குள் அவ்வாயிலே இல்லாமற் போயிற்று. பின்னர்த் திரும்பி வந்தோரை இராமேசுவரத்தில்தான் இறக்கினார்கள்.

அந்த டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் இலங்கையைக் கடந்து வந்த புயல் தீவின் முனையைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இருபுறக் கடலும் ஒன்றாகி ஊரின்மேல் ஏறியது. பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட பயணி வண்டி, நிலையத்தை அடையச் சில நூறு அடிகளே இருந்த நிலையில் அலையில் அகப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளும் ரயில்வே ஊழியர்களும் பெட்டிகளோடு கடலிற் சென்றனர். வண்டியில் இருந்தோரில் எவரும் மீளவில்லை. இரு கரைகளிலும் சேர்த்து மாண்டவர் சுமார் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பாம்பன் பாலத்தின் உத்தரங்களில் 126 கடலில் விழுந்தன. அதனைச் சீர்செய்யும் பணியில் நியமிக்கப்பட்ட இளம் பொறியாளர் பாலக்காட்டு மாவட்டத்தவர். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பயின்றவர். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயாலும் தில்லி மெட்ரோவாலும் நாடறிந்த ஈ. ஸ்ரீதரன். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆறு மாதம் என்றிருந்த கெடு மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. கடலடியில் கிடந்த உத்தரங்களைத் தேடியெடுத்து மறுபடி பொருத்தி, 46 நாட்களில் பாலத்தில் வண்டி ஓடச் செய்தார்கள். அப்பாலத்தின்மீது 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. அருகிலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

பாலத்துக்கு 46 நாள் போதுமாயிருந்தது. ஊருக்கோ இத்தனை ஆண்டுகளும் போதவில்லை. ஏனெனில், மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. எவரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. அம்முடிவு சரியா தவறா என்று வாதிடுவது என் நோக்கமன்று. மணல்திட்டின் நுனியில் மறுபடி பள்ளிக்கூடம் கட்டியிருந்தால் அடுத்த புயலுக்கு யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் இதைக் கவனிக்கவேண்டும்: புயல் இடிப்பது மட்டுமே செய்கிறது. இடிந்தது பாழாக மாறுவது, கட்டவேண்டாம் என்று மனிதர் முடிவுசெய்த பின்தான். மூணாற்றையே எடுத்துக்கொள்ளலாம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கும். 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல் பெய்த பெருமழையில் அவ்விருப்புப் பாதை அழிந்தது. மலையாள நாட்டில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றால் அதுதான். ஊரைத் திரும்பக் கட்டினார்கள், ரயிலை விட்டுவிட்டார்கள். அதனால் மூணாறு ஊராக நிற்கிறது. அதன் ரயில் மட்டுமே பாழ்.

இடிபாட்டுப் படங்கள் வரும் போர்வைகளில் பெரும்பாலும் காணும் சொல் ‘கோஸ்ட் டவுன்’. நம் செய்தித்தாள்கள் இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் ‘பேய் நகரம்’ என்று வழக்கத்தில் விட்டுவிட்டன. இச்சொல் பேர்பெற்றது அமெரிக்கச் சுரங்க ஊர்களால். கலிபோர்னியாவின் போடி என்னும் ஊர் பொன்னுக்காகத் தோன்றியது. பொன் தீர்ந்ததும் மக்கள் கலைந்தனர். 1962-இல் அதனை மாநில வரலாற்றுப் பூங்காவாக்கி, இடியவும் விடாமல் புதுப்பிக்கவும் செய்யாமல் உள்ளபடி காத்துவருகிறார்கள். நமீபியாவின் கோல்மன்ஸ்கோப் வைரத்துக்காகத் தோன்றி, 1956-இல் கைவிடப்பட்டது. அதன் அறைகளுக்குள் இடுப்பளவு பாலைமணல் புகுந்திருக்கும் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவ்வூர்களை விட்டவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் பெட்டி படுக்கையுடன் வெளியேறினர். தனுஷ்கோடியில் பெட்டி கட்ட எவருக்கும் நேரம் இருக்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழிக்கு அழகன்று.

தமிழில் இதற்குப் பேய் வேண்டுவதுமில்லை. ‘பாழ்’ என்ற சொல் நமக்கு உண்டு. ஊர் பாழாயிற்று என்றால், ஒரு காலத்தில் அங்கே விளக்கெரிந்தது என்ற பொருளும் உடன் வருகிறது. பேய் நகரம் என்றாலோ, இப்போது எவரும் இல்லை என்ற பொருள் ஏறிவிடுகிறது. தனுஷ்கோடியைப் பொறுத்தவரை அது மெய்யும் அன்று. மீனவக் குடும்பங்கள் புயலுக்குப் பின்னும் அம்மணலுக்குத் திரும்பின. கீற்றுக் குடிசைகளில் வாழ்ந்து, கரைவலை இழுத்து, மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்து வந்திருக்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பின் சங்கும் சிப்பியும் விற்கும் கடைகளும் வரிசையாக முளைத்தன. போர்வைப் படத்தில் குடிசையும் இல்லை, கடையும் இல்லை, வலையும் இல்லை. படம் எடுத்தவர் ஓரடி இடமோ வலமோ நகர்ந்து அவற்றை ஒதுக்கியிருப்பார். ஆளில்லாத ஊர் என்பது பலவேளைகளில் ஆளை ஒதுக்கி எடுத்த படம்தான்.

துணியில் இடிபாடுகளை அச்சிட்டு மகிழ்வது நம் காலத்தில் பிறந்த பழக்கம் என்றும் எண்ணிவிட வேண்டாம். நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சித்திரச் சீலைகள் பிரெஞ்சு நாட்டில் அவ்வளவு விலைபோயின. உள்நாட்டு நெசவாளரைக் காக்க 1686-இல் அவ்வரசு அவற்றுக்குத் தடை விதித்தது. 1759-இல் தடை நீங்கியதும், மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் பாரிசை அடுத்த ஜூயி என்னும் ஊரில் அச்சுச் சாலை நிறுவினார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அவருடைய துணிகளில் கிராமக் காட்சிகளோடு பழைய உரோமாபுரியின் உடைந்த தூண்களும் வளைவுகளும் இடம்பெற்றன. சீமான்களும் சீமாட்டிகளும் அவற்றைக் கட்டில் திரையாகத் தொங்கவிட்டு அதனடியில் உறங்கினர். உரோமாபுரி இடிந்தபோது அழுதவர்களின் பேரப்பிள்ளைகள்கூட அப்போது உலகில் இல்லை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தனுஷ்கோடியில் அன்றிரவு உயிர் தப்பியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வண்டியில் போனவர்களின் மக்கள் இருக்கிறார்கள். இழவு வீடு எத்தனை ஆண்டு கழிந்தால் காட்சிப்பொருள் ஆகும்? இடுக்கி மாவட்டத்துத் தமிழர்க்கு இக்கேள்வி தொலைவில் உள்ளதன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டக் குடியிருப்பு வரிசைகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். அம்மழையிரவில் அவர்களும் போர்வைக்குள்தான் உறங்கிக்கொண்டிருந்தனர். பெட்டிமுடியின் படத்தை இன்று எவரும் போர்வையில் அச்சிடத் துணியமாட்டார். துணிந்தால் ஊர் பொறுக்காது. அறுபது ஆண்டு கழிந்தால் பொறுக்குமா? எனக்கு விடை தோன்றவில்லை. ஆனால் தனுஷ்கோடிக்கு நாம் அவ்விடையைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டோம்.

போர்வை என்ற பொருளை எண்ணும்போது இது இன்னும் உறுத்துகிறது. வெள்ளமோ நிலநடுக்கமோ புயலோ எது வந்தாலும், வீடிழந்து முகாமுக்கு வருவோர் கையில் முதலில் கொடுக்கும் பொருள்களில் ஒன்று போர்வை. அரியானாவின் பானிப்பட்டு நகரம் இதற்குப் பேர்போனது. பல நாடுகளிலிருந்து வரும் பழைய கம்பளி உடைகளைப் பிய்த்து, மறுபடி நூற்று, சாம்பல்நிறப் போர்வைகளாக நெய்து தள்ளும் ஆலைகள் அங்கே உண்டு. உலகின் நிவாரண நிறுவனங்கள் அவற்றை மொத்தமாக வாங்கி வந்தன. ஃபிளீஸ் துணி மலிந்தபின் நிவாரணக் கிடங்குகளிலும் அதுவே நிறையத் தொடங்கியது. பானிப்பட்டு ஆலைகள் பலவும் பாலியெஸ்டருக்கு மாறின. ஆகவே, ஒரே வகைத் துணி ஓரிடத்தில் வீடிழந்தவர் தோளுக்கும், வேறோரிடத்தில் இழந்த வீட்டின் படத்தைத் தாங்கி மற்றொருவர் கட்டிலுக்கும் போய்ச் சேருகிறது.

இத்தகைய போர்வைகளை விற்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தடை விதித்து எந்தச் சீலையும் நின்றதில்லை என்பதை மேலே சொன்ன பிரெஞ்சுக் கதையே காட்டும். தவிரவும், அப்படத்தைப் பார்த்துத்தான் ஒரு சிறுமி ஊரின் பெயரைக் கேட்டாள். கேட்டதால் அன்றிரவு அவ்வீட்டில் இராமேசுவரத்தைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேச்செழுந்தது. அவ்வீட்டுப் பாட்டியார், தம் பெரிய தகப்பனார் கப்பலேறியது தனுஷ்கோடியில்தான் என்று நினைவுகூர்ந்தார். சுவரேனும் நிலைத்திருப்பதற்குப் படம் ஒரு துணை. பவளக்கல் அரித்து விழுந்துவிட்ட பின்பும் இழைக்குள் ஏறிய சாயம் சில காலம் தங்கும்.

வேண்டுவது ஊரின் பெயரும் ஆண்டும். கோயிற் சுவரில் திருப்பணி செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டிய நாடு இது. எவருடைய ஊர் என்றறியாத சுவரை வெறும் அலங்காரமாக விற்பது நம் வழக்கத்துக்கு ஒவ்வாது. வாங்குவோர் கேட்டால் விற்போர் செய்வர். படத்தைத் தாளில் அச்சிடும்போதே கீழ்மூலையில் ‘தனுஷ்கோடி, 1964’ என்று சேர்த்துவிடலாம். இடவலம் மாறிய எழுத்து துணியில் நேராகவே விழும். அதற்கெனத் தனிச் சாயமோ, தனிச் சூடோ, தனிக் கூலியோ வேண்டுவதில்லை. மயிரெழுந்த துணியில் சிற்றெழுத்து மழுங்கிவிடுமாதலால் ஓரங்குல உயரமாவது இருக்கட்டும். மணல் உள்ள பக்கம் சாயம் படாத வெறுந்துணி என்பதால், கறுப்பெழுத்து அங்கே தெளிவாகத் தெரியும்.